முப்பத்திரண்டு அங்குலம்

ஆடி மழை தகரக் கூரையில் இறங்கியதால்
கூட்டத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள்.
ஏலப்பாறைக்கு மேலே, கிளப்பின் பின்னறை,
ஐம்பத்தெட்டாம் வருஷம்.
பொருள் ஒன்று: மிளா.
பொருள் இரண்டும் மிளாதான்.

போன வருஷம் நாற்பது லைசென்ஸ்.
இருபத்தாறு கிடா விழுந்தது.
முப்பது அங்குலம் தாண்டிய கொம்பு ஒன்றுகூட இல்லை.
"குடைக்கம்பியைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார்
செக்ரட்டரி குருவிளா.
பத்தாகக் குறைப்போம்.
முப்பத்திரண்டுக்குக் கீழே கை வைத்தால் அபராதம்.
ஏழு வருஷம் பொறுத்தால் கொம்பு தானாக வரும்.

ஹால்டன் துரை தலையாட்டினார்.
அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த தலையும்
ஆடியதுபோல் இருந்தது. விளக்கு அசைந்திருக்கும்.

ஃபேக்டரி மெக்கானிக் சேசையா
வாசலிலேயே நின்று சொன்னான்:
"அஞ்சு வருஷமா குலுக்கல்ல பேரு போடுறேன்.
பத்தாக்கினா எனக்கு எப்போ விழும்?
கொம்பு வளர்ற வரைக்கும்
எனக்குக் கண்ணு தெரியணுமே."

சிரிப்பு.
அதை நான் எழுதவில்லை.
'ஒருவர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார்'
என்று மினிட்ஸில் போட்டேன்.
பதினைந்து என்று முடிவாயிற்று.
பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்குப் பசி.

இரவு தனியாகக் கணக்குப் போட்டேன்.
ஆள் குறைந்தால் கொம்பு பெருக்கும், சரி,
யார் வீட்டுச் சுவரில்?
ஆள் கூடினால் ஆளுக்கொரு விடியல்,
பனியில் நடுங்க ஒரு பாறை,
கடைசியில் மீசை முளைக்காத ஒரு கிடா.
வகுத்தேன். மிச்சம் வந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் சேசையாவுக்குச் சீட்டு விழுந்தது.

உப்புமண் ஓடையில் மூன்று விடியல் உட்கார்ந்தான்,
பக்கத்தில் வழிகாட்டி கருமலை.
மூன்றாம் நாள் அது வந்தது,
இடது காது கிழிந்தது,
கழுத்து மயிரில் பனி தொங்க.
காதைப்போல் நாலு மடங்கு இருந்தால் சுடலாம்.
"நாலு" என்றான் கருமலை.
"மூணரை" என்றான் இவன்.
அது தலையைத் திருப்பியது.
"மூணேமுக்கால்."
அது மண்ணை நக்கி முடித்து,
இவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்து,
ஈற்றைக் காட்டுக்குள் போனது.
அபராதம் மூன்று மாதச் சம்பளம்.
துப்பாக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

பதினொரு நாள் கழித்து
குருவிளாவின் ஜீப்பில் வந்து இறங்கியது,
இடது காது கிழிந்த தலை.

அளப்பது நான்தான்.
என் துணி டேப்பின் முதல் அங்குலத்தை
ஐம்பத்தாறில் எலி தின்றுவிட்டது.
ஒன்றிலிருந்து அளப்பேன், ஒன்றைக் கழிப்பேன்.
முப்பத்திரண்டே கால் என்று காட்டியது.
சுற்றி நின்றவர்கள் கைதட்டிவிட்டார்கள்.
கழிப்பதற்கு அந்தச் சத்தத்தில் இடமில்லை.
பதிவேட்டில் முப்பத்திரண்டே கால்.
என் கையெழுத்து அன்றைக்கு அழகாக இருந்தது.

சித்திரையில் ஏழாம் நம்பர் காட்டில் கவாத்து.
தேயிலைத் தூருக்கடியில்
ஏதோ ஒரு கிடா உதிர்த்துவிட்டுப் போன ஒற்றைக் கொம்பைப்
பேச்சியம்மை எடுத்துவந்து
லயத்துச் சுவரில் அறைந்துவிட்டாள்.
அதில் அவள் படங்கு தொங்குகிறது,
அதற்கு மேல் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை,
கூடவே ஒரு தூக்குச்சட்டி.

சாணால் அளந்தேன். நாலு சாண், நாலு விரல்.
மறுபடி அளந்தேன்.
பதிவேட்டில் அவ்வளவு பெரிது எதுவுமில்லை.
"எதுக்கு அளக்கீய ரைட்டரய்யா?
தூக்குச்சட்டியைத் தாங்குதுல்ல."

உதிர்த்தது மேலே எங்கோ
மொட்டைத் தலையோடு மேய்ந்துகொண்டிருக்கும்,
வெல்வெட் முளைக்கிற இடம் அரித்துக்கொண்டு,
எந்தச் சுவரும் இல்லாமல்.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதினேன்.
பொருள் ஒன்று: மிளா.
பொருள் இரண்டு: லைசென்ஸ் எண்ணிக்கை.
பொருள் மூன்று: புதிய டேப் வாங்குவது.
மூன்றாவதை அடித்தேன்.
சேசையா ஷிப்ட் முடிந்து
கையில் எண்ணெயோடு ஜன்னலைத் தாண்டிப் போனான்.
அடித்ததற்குக் கீழே மறுபடி எழுதினேன்.